தடை போட்டால் குதிரை எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெரினாவில் குதிரை சவாரிக்கு அடியோடு தடை போட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வெயிலில் குதிரை படும் பாட்டைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி. 'காசுக்கு வளர்க்கிறவனுக்கு அதன் மேல் என்ன பாசம் இருக்கப்போகிறது' என்று கேட்டாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது.

என் அப்பா கும்பகோணத்தில் ஜட்கா என்னும் குதிரை வண்டி ஓட்டியவர். ராத்திரி ஊறப்போட்ட கொள்ளை விடியற்காலையில் எங்கள் குதிரை லட்சுமிக்கு வைத்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார். கடன்காரரிடம் பேச்சு வாங்கி வந்த அன்று அவர் வாயே திறக்காவிட்டாலும் லட்சுமி வண்டியில் பூட்ட நிற்காது, தலையை உதறும். ஒரு சமயம் அவர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். குதிரை தீனியைச் சீண்டவில்லை. அண்ணன் கிட்டே போனால் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. கடைசியில் அம்மா, அப்பாவின் அழுக்குக் காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு தீனித் தொட்டியருகே போய் நின்றாள். லட்சுமி சட்டைக் கையை வெகுநேரம் மோந்து பார்த்துவிட்டு வாயை வைத்தது. அப்பா வீடு திரும்பும்வரை அந்தச் சட்டை தண்ணீரையே பார்க்கவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்கும்!

2020 ஊரடங்கில் மெரினா மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சவாரி இல்லாமல், யார் யாரிடமோ கேட்டுத் தீனி போட்டவர்களும் இந்தக் குதிரைக்காரர்கள்தான்.

இதற்காக எல்லாம் இப்படியே போகட்டும் என்று சொல்லவில்லை. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. சவாரிக் குதிரைக்கு மட்டும் வேறு வெயிலா அடிக்கிறது? அந்த நேரத்தில் கட்டிவைக்க மாநகராட்சி ஒரு கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டித்தரலாம். கோடையில் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் வேண்டும்; குடத்தில் சுமந்து மாளாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி கூப்பிடு தூரம்தான். மாதம் ஒருமுறை மருத்துவர்கள் கடற்கரைக்கே வந்து குளம்பையும் சேணப் புண்ணையும் பார்க்கட்டும்.

தடைதான் வேண்டும் என்றால், மும்பை விக்டோரியா குதிரை வண்டிகள் விஷயத்தில் 2015இல் உயர் நீதிமன்றம் செய்ததைப் போல, வண்டிக்காரர்களுக்கும் குதிரைகளுக்கும் மறுவாழ்வுத் திட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

உழைத்து ஓய்ந்த குதிரையைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறவர்களிடம் மட்டும் எனக்கு இரக்கமே கிடையாது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், வழக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜட்காக்காரர் மகள் ஒருத்தி,
திருவல்லிக்கேணி, சென்னை