ஆதரவு அறையில் ஒற்றைக் கொம்புக்கும் ஓர் இடம்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சில் தமிழ்ப் பாடத்தையும் சிறப்புக் கல்வித் தேவைகளையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம், உள்ள பிள்ளை. வாரத்தில் 4 நாள், முக்கால் மணி நேரம், பள்ளியின் ஆதரவு அறையில் சிறு குழுவோடு உட்கார்ந்து ஆங்கிலம் வாசிக்கப் பழகுகிறான். 2012இல் நீங்கள் தொடங்கிய திட்டம்தான். போன வருடம் புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்றவன், இப்போது எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வருகிறான். அந்த அறைக்கு நன்றிக்கடன் பட்டவள் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

அங்கே சுவரிலும் சரி, அட்டைப் பெட்டிகளிலும் சரி, தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது.

ஒருநாள் சொல்வதெழுதுதலில் ‘செடி’ தப்பாகிவிட்டது. சிவப்பு மையில் பெரிய சுழி. நோட்டை உற்றுப் பார்த்தேன். முதலில் ‘ச’ போட்டிருக்கிறான், அதற்குப் பிறகு ஒற்றைக் கொம்பு, அப்புறம் ‘டி’. பார்க்கிறவர்களுக்குக் கொம்பு ‘டி’க்குப் போய்விட்டது. அவனோ காதில் விழுந்த வரிசைப்படிதான் எழுதியிருக்கிறான்! வாயில் பின்னால் வரும் ஒலிக்குத் தாளில் முன்னால் குறி போடுகிறோம்; ‘கொ’ என்றால் கொம்பு முன்னே, கால் பின்னே. நமக்கெல்லாம் இது பழகிப் போய்விட்டது. ஆங்கிலத்துக்குச் செய்த பயிற்சி இந்த முடிச்சை அவிழ்க்காது. ண, ன குழப்பம் வேறு இருக்கிறது, அது பெரியவர்களுக்கே உண்டு, விடுங்கள்.

என் மாமியார் நாள்காட்டித் தாளைக் கிழித்து மெய்க்கு ஒரு நிறம், கொம்புக்கும் காலுக்கும் வேறு நிறம் என்று எழுதி வெட்டினார். “முதல்ல ஆளை உக்கார வைய்யா, அப்புறம் அவனுக்கு முன்னால கொம்பை மாட்டு” என்பார். மூன்று வாரத்தில் கொம்பு இடம் மாறுவது பாதியாகக் குறைந்தது. அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவரில்லை.

பள்ளியில் தாய்மொழி விலக்கு, அதாவது தமிழ்ப் பாடத்தையே படிக்காமல் விட அனுமதி, பற்றிப் பேசினார்கள், கனிவாகத்தான். சில பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் விலக்குப் பெற்றவருக்குத் தாய்மொழிக்கென 6 முதல் 8க்குள் ஓர் அடைவுநிலை (1 சிறந்தது, 8 கடைசி) ஒதுக்கப்படுகிறது என்பதைவிட, எனக்கு உறுத்தியது வேறு. தமிழில் தனி உதவி எதையும் கொடுத்துப் பார்க்காமலே, தமிழ் வராது என்ற முடிவுக்கு எப்படி வந்தோம்? அந்தப் பேச்சின்போது அவனுடைய தமிழாசிரியர்கூட மேசையில் இல்லை.

சிறப்புத் தேவைகளில் பயிற்சி பெறும் ஆசிரியர்களில் பள்ளிக்கு ஒரு தமிழாசிரியராவது இருக்கட்டும். விலக்குப் பற்றிப் பேசும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள். வாரத்தில் ஒரு வேளை அந்த அறையைத் தமிழுக்குத் திறந்துவிடுங்கள். ஒரே பள்ளியில் பிள்ளைகள் சேரமாட்டார்கள் என்றால், பல பள்ளிப் பிள்ளைகள் வந்து தமிழ் படிக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறதே, அங்கே தொடங்கலாம்.

அட்டைகளுக்கு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள். மாமியார் ஆகஸ்ட் மாதத் தாள்வரை வெட்டி முடித்துவிட்டார். காலணிப் பெட்டியோடு கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தொடக்கநிலை 4 மாணவன் ஒருவனின் அம்மா