கணைய அழற்சிக்கு அவசரக் கத்தி வேண்டாம்

ஆசிரியருக்கு,

கடுமையான கணைய அழற்சி (செரிமான நீரைச் சுரக்கும் கணையம் வீங்கி, அதன் திசு அழுகிப்போகும் நோய்) பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, அறுவை சிகிச்சை தாமதமானாலே ஆபத்து என்பதுபோல எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. முதல் சில வாரங்களில் அழுகிய திசு நல்ல திசுவோடு ஒட்டிக் கிடக்கும். அப்போது வெட்டினால் ரத்தப்போக்கு அதிகம். ஏறக்குறைய 4 வாரங்களில் அதைச் சுற்றிச் சுவர் கட்டிய பிறகு அகற்றுவது எளிது. அழுகிய திசுவில் கிருமித் தொற்று கண்டவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதலில் வயிற்றில் குழாய் வைத்துச் சீழ் வடிக்கப்பட்டவர்களில் 35 சதவீதத்தினருக்கு அதற்குமேல் அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை.

பித்தப்பைக் கல்லால் என் தம்பிக்கு இந்நோய் வந்தபோது, “ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?” என்று டாக்டரிடம் சண்டை போட்டவள் நான்தான். அவர் அசரவில்லை. ஐந்தாவது வாரத்தில், வயிற்றில் வைத்த குழாயோடு காய்ச்சல் இறங்கியது. சரி, எல்லோருக்கும் இப்படி அமையாது. சிறுநீரகமோ நுரையீரலோ செயலிழந்தால் கதை வேறு. ஆகவே இத்தகைய நோயாளிகளை, தீவிர சிகிச்சையும் ஸ்கேன் பார்த்துக் குழாய் வைக்கும் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு ஓரிரு நாளிலேயே அனுப்ப, மாவட்ட மருத்துவமனைகளுக்குச் சுகாதாரத் துறை தெளிவான வழிகாட்டுதல் தரலாம்.

– வாசகி, தஞ்சாவூர்