மார்ச் முதலாம் திகதி பிறந்தவர்கள்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவை எடுத்திருக்கிறாள் என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. திருக்கடலூர்ப் பக்கம் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டார்கள். கடலுக்குப் போகாத நாட்களில்தான் ஆட்கள் சங்கத்துக்கு வந்து தங்கள் பதிவுகளைப் பார்ப்பார்கள். அதனால் எனக்கு இப்போது வேலை அதிகம்.

நீ மருந்தகத்துக்குச் செய்யும் தரவுத்தளத்தில், எந்தத் தரவை ஏற்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் விதிகளை எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தாய். பிழையான தரவு உள்ளே வந்துவிடுகிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். சரியான தரவைத் தடுத்துவிடுகிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

நான் இப்போது திருத்துவது ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு. அதன் பழைய மென்பொருளில் அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரு விதி இருந்தது: பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் 366ஐத் தாண்டக்கூடாது. ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைத்தான் அவை காட்டுகின்றன என்பதால் பார்வைக்குச் சரிதான். ஆனால் பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள் என்பது உனக்குத் தெரியும். கருவாடு போடும் பெண்கள் ஒருவரையும் அந்த விதி உள்ளே விடவில்லை. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது எழுதுவினைஞர் என்ன செய்வார்? கணவரின் இலக்கத்தை அடித்து வேலையை முடித்திருக்கிறார். விதி பிழையைத் தடுக்கவில்லை, பொய்யை எழுத வைத்திருக்கிறது. அந்தப் பெண்களின் பெயரில் உதவி ஏதாவது வந்தால் யாருக்குப் போகும், சொல்லு.

இன்னொன்று. அந்த நாள் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள். 1985 மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 85061 என்று தொடங்கும், பெண்ணுடையது 85561. சாதாரண நாட்காட்டிக் கணக்கில் அது 60ஆவது நாள். பிறந்த திகதியையும் இலக்கத்தையும் ஒப்பிடும் விதியை நாட்காட்டிப்படி எழுதினால், லீப் ஆண்டில் பிறக்காத, மார்ச்சிலும் அதற்குப் பிறகும் பிறந்த அத்தனை பேரும் பிழையாகிவிடுவார்கள்.

அதனால் விதியின் விளிம்பில் நின்று சோதி. 000, 001, 366, 367, 500, 501, 866, 867 எல்லாவற்றையும் போட்டுப் பார், எது ஏற்கப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு. 2016இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையையும் மறக்காதே. ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை பதிந்தால், ஒரே இலக்கம் இருமுறை வரக்கூடாது என்ற விதிக்கு அவர் இரண்டு பேர். பழையதைப் புதிய வடிவத்துக்கு மாற்றி ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

அப்புறம், திரையில் மட்டும் விதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதே. யாராவது எக்செல் கோப்பை நேரே ஏற்றினால் அந்த விதி கண்ணிலேயே படாது. தரவுத்தளத்தின் அட்டவணையிலும் செக் (CHECK) கட்டுப்பாடு வேண்டும், அதாவது தரவு எந்த வழியால் வந்தாலும் தரவுத்தளமே சோதிக்கும் விதி. உன் சேர்வரில் இருக்கும் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் (MySQL) என்றால் பதிப்பைப் பார்த்துக்கொள், 8.0.16க்கு முந்தியது செக் விதியை எழுத விடும், ஆனால் சத்தமில்லாமல் புறக்கணிக்கும். புதியதிலும் வெற்றுப் பெறுமதி, அதாவது நல், செக்கைத் தாண்டிப் போய்விடும். மருந்தின் அளவு பூச்சியத்தைவிடக் கூட இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதினால், அளவே எழுதாத மருந்துக் குறிப்பும் பதிவாகும். மருந்து விஷயம், கவனம்.

பிழைச் செய்தியைத் தமிழில் எழுது. 'உள்ளீடு தவறு' என்று காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தப் பெட்டி, என்ன எதிர்பார்க்கிறது என்று சொன்னால், அங்கே இருக்கிற பிள்ளை குறுக்குவழி தேடாது.

பழைய பதிவுகளை ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு விதியையும் மீறும் வரிகளைத் தனியே எடுத்துப் பார். நானும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் இப்போது வருகிறவர்களிடம் அட்டையை வாங்கித் திருத்துகிறேன்.

உன் விதிகளை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்