நண்டுக்கு என்ன வால்?

அன்புள்ள ரவி,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் பதில் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடியோடு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

சரி, நீ உருவாக்கும் நிரல் மொழிக்கு ‘நண்டு’ என்ற பெயர் பிரமாதம். ஆனால் அதன் ஃபைல் பெயர்களின் வால், அதாவது புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷன், ஒற்றை எழுத்தாக ‘டாட் என்’ என்கிறாயே, அது வேண்டாம். தமிழில் நிரல் எழுதும் நம் எழில் மொழி அதைத்தான் வைத்திருக்கிறது. நெமெர்லே என்ற இன்னொரு நிரல் மொழியும் அதேதான்.

சுருக்கி வைப்பது டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்துப் பழக்கம். பெயருக்கு 8 எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு 3, அவ்வளவுதான் இடம். கூட்டல் குறிக்கும் அங்கே அனுமதி இல்லை. சி++ ஃபைல்கள் டாட் சிபிபி என்றும் டாட் சிஎக்ஸ்எக்ஸ் என்றும் திரிவது அதனால்தான். 1995இல் வந்த ஜாவா நான்கு எழுத்தைத் தைரியமாக எடுத்துக்கொண்டது. உனக்கு என்ன தயக்கம்?

ஒரே எக்ஸ்டென்ஷனை இரண்டு பேர் வைத்து மோதல் வந்தால் சிரமப்படுவது நீ இல்லை, உன் மொழியைத் தொடுகிற மென்பொருள்கள். டாட் பிஎல் 1972இல் பிறந்த புரோலாக்குக்கும் உண்டு, 1987இல் வந்த பெர்லுக்கும் உண்டு. அதனால் கிட்ஹப் தளத்தில் எந்த ஃபைல் எந்த மொழி என்று கண்டுபிடிக்கும் லிங்விஸ்ட் என்ற கருவி, ஃபைலுக்குள் எட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது: ‘:-’ தென்பட்டால் புரோலாக், ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ இருந்தால் பெர்ல். டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கதை இன்னும் வேடிக்கை. மைக்ரோசாஃப்ட் 2012இல் டாட் டிஎஸ்ஸை எடுத்தபோது அது ஏற்கெனவே எம்பெக் வீடியோவுக்குச் சொந்தம். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரோடு வரும் மைம் டைப்ஸ் பட்டியலை, அதாவது எந்த எக்ஸ்டென்ஷன் எந்த வகை ஃபைல் என்று சொல்லும் பட்டியலைத் திறந்து பார், டிஎஸ்ஸுக்கு நேரே இன்றும் வீடியோ என்றுதான் இருக்கும். மைக்ரோசாஃப்டுக்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கிறது, சமாளித்துவிட்டார்கள். நண்டுக்கு நீயும் நானும்தான்!

தமிழ் எழுத்திலேயே ‘.நண்டு’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆசையாகத்தான் இருக்கிறது. மோஜோ மொழிக்காரர்கள் தீ எமோஜியையே எக்ஸ்டென்ஷனாக ஏற்கிறார்கள், ஆனால் டாட் மோஜோவும் கூடவே உண்டு. நீயும் அப்படியே செய். டெர்மினலில் ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாற்றிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? ஆங்கில எழுத்தில் முழுசாக ‘நண்டு’ என்பதே முதன்மையாக இருக்கட்டும். வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று மட்டும் லிங்விஸ்ட் பட்டியலில் ஒரு தடவை தேடிவிடு.

அப்புறம், முடிவானதும் இலக்கண ஃபைலை அனுப்பு. விம் எடிட்டரில் நண்டு நிரலை வண்ணம் பிரித்துக் காட்டும் சின்டாக்ஸ் ஃபைலை நான் எழுதித் தருகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்