கொத்தவும் என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் சமையல் பகுதியை விடாமல் படித்து வருகிறேன். அண்மைக் காலமாக அதில் எல்லாமே 'பொடியாக நறுக்கவும்' ஆகிவிட்டது. வெங்காயமா, பொடியாக நறுக்கவும். கீரையா, பொடியாக நறுக்கவும். இஞ்சிக்கும் பூண்டுக்கும் அதுவே. கறி என்று வரும்போது மட்டும் அது போதாது என்று தோன்றுகிறது போலும், 'மின்ஸ் செய்த' என்று எழுதிவிடுகிறார்கள். கொத்து என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது இது எதற்கு?

நறுக்கும்போது கத்தி ஒரு வெட்டுக்கு ஒரு முறைதான் இறங்குகிறது. துண்டுகளுக்கு ஓர் அளவும் வடிவும் இருக்கும். கொத்தும்போது கத்தி அதே குவியலின் மேல் திரும்பத் திரும்ப விழ வேண்டும். துண்டு என்று தனியாக எடுத்துக் காட்ட எதுவும் மிஞ்சாத வரை. இந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியும். முழுப் பூண்டுப் பல்லில் காரம் அதிகம் தெரிவதில்லை. செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் அல்லினேஸ் என்ற நொதி, பூண்டிலேயே உள்ள அல்லின் என்ற பொருளோடு சேரும்போதுதான் அல்லிசின் என்ற காரப் பொருள் உண்டாகிக் காரமும் வாசமும் கிளம்புகின்றன. எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு காரம். கொத்திய பூண்டு சூடான எண்ணெயில் சீக்கிரம் கருகிக் கசந்தும் போகும். 'நறுக்கிய பூண்டை ஐந்து நிமிடம் வதக்கவும்' என்பதைப் படித்துவிட்டுக் கொத்திப் போட்டவருக்குக் கசப்புதான் கிடைக்கும். புதிதாகச் சமைக்கக் கற்பவர் அதற்குத் தன் கையையே நொந்துகொள்வார். தவறு குறிப்பில் இருக்கிறது.

கொத்து என்றால் முரட்டுத்தனமாக ஒலிக்கிறது, பாம்பு நினைவுக்கு வருகிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாம்பு கொத்துவது, கோழி தானியத்தைக் கொத்துவது, மரங்கொத்தி மரத்தைக் கொத்துவது, மண்வெட்டியால் நிலத்தைக் கொத்துவது, எல்லாமே ஒரே அசைவு. கூரான ஒன்று சட்டென்று இறங்கி மீள்கிறது, மறுபடி இறங்குகிறது. தேய்ந்து வழுவழுப்பான அம்மியை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவார்களே, அதில் எவ்வளவு பொறுமையும் கைநுட்பமும் வேண்டும்! அந்தச் சொல்லையா முரட்டுச் சொல் என்பது?

'ஒரு கொத்துக் கறிவேப்பிலை' என்று எழுதும் அதே குறிப்பில் 'கொத்திய இஞ்சி' வந்தால் குழப்பமாகாதா என்றும் கேட்கலாம். ஆகாது. பெயராக வரும் கொத்து, சேர்ந்திருப்பதைக் குறிக்கும்: பூங்கொத்து, சாவிக்கொத்து. கூலியாகக் கொடுத்த தானியத்துக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. இலங்கையில் அரிசி அளக்கும் ஓர் அளவும் கொத்துதான். வினையாக வந்தால் சிதைப்பது. பெயர் எது, வினை எது என்பதில் தமிழ் வாசகர்கள் தடுமாறியதில்லை. கொத்துக்கறி என்று கேட்டவுடன் எவரும் கறியைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டதாக நினைப்பதில்லை.

கீரைக்கு அரிதல் என்ற சொல் இருக்கிறது. கதிர் அரிவது, அரிவாள், அரிவாள்மணை எல்லாம் அதன் உறவுகள். கீரையையும் மல்லித்தழையையும் கூரான கத்தியால் ஒரே வீச்சில் அரிவதே சரி. கொத்தினால் இலை நசுங்கிக் கருத்துப்போகும். ஆனால் தங்கள் இதழ் ஒன்றில் 'அரித்த கீரை' என்று அச்சாகியிருந்தது. அரிந்த கீரையில் கத்தி பட்டிருக்கிறது. அரித்த கீரையில் பூச்சி பட்டிருக்கிறது. ஓர் எழுத்துதான் வேறுபாடு, மெய்ப்பு பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே குறிப்பு எழுதுவோரிடம் தாங்கள் இதைச் சொல்ல வேண்டுகிறேன். இஞ்சி, பூண்டு, கறி ஆகியவற்றுக்குக் கொத்தவும் என்றும், கீரைக்கும் தழைக்கும் அரியவும் என்றும், துண்டுகள் துண்டுகளாகவே தெரிய வேண்டிய காய்களுக்கு நறுக்கவும் என்றும் எழுதட்டும். நறுக்கச் சொல்லும் இடத்திலும் 'பொடியாக' என்பதோடு நின்றுவிடாமல் மிளகளவா, பட்டாணி அளவா என்று சேர்த்து எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி