அதே பாட்டு, நாலு ராத்திரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் இசைத்தட்டு விற்பனை பற்றிய கட்டுரையைப் படித்தேன். பழைய பாட்டுக்குப் புது அட்டை போட்டு ரசிகர்களிடம் காசு பறிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. மன்னார்குடியில் அப்பா ஆரம்பித்த மைக் செட் கடையை நடத்தி வருகிறேன். அப்படி வாங்குகிற ரசிகர்களில் நானும் ஒருவன். யாரும் என்னிடம் காசு பறிக்கவில்லை. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கேட்பது பங்க் ராக், அதாவது சின்னச் சின்னதாக, வேகமாக, சத்தமாக வாசிக்கிற மேல்நாட்டு ராக் இசை. 1988-ல் பிளஸ் டூ படித்தபோது, எதிர்வீட்டு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து ஒரு கேசட் கொடுத்தார். நியூயார்க் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம், 1976-ல் வந்தது. 14 பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட வராது. எங்கள் கடை டெக்கில் அப்போது இடது ஸ்பீக்கர் போயிருந்தது. கல்யாண சீசன் என்பதால் அதைப் பார்க்க நேரமில்லை. மூன்று மாதம் வலது பக்கம் மட்டும்தான் கேட்டேன். குரல், டிரம்ஸ், தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஒரு கிடார். ஸ்பீக்கரை மாற்றிய அன்றைக்குத்தான் அடித்தொனி கொடுக்கிற பேஸ் கிடார் என்று ஒன்று அதில் இருப்பதே தெரிந்தது. பேஸை முழுக்க இடப்பக்கமும் கிடாரை முழுக்க வலப்பக்கமும் ஒதுக்கியிருந்தார்கள். 2016-ல் நாற்பதாம் ஆண்டு மறுவெளியீட்டுக்காக, அதைத் தயாரித்த கிரெய்க் லியோனே எல்லாவற்றையும் இடம் வலம் பிரிக்காமல் மோனோவில் கலந்து கொடுத்தார். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று வளர்ந்த எனக்கு அதுதான் சரியான சத்தம். எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்து நெஞ்சில் மோதும்.

கச்சேரிப் பதிவு என்றால் எனக்கு ஆசை இன்னும் அதிகம். 1977 டிசம்பர் 31 அன்று லண்டனில், முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்த ரெயின்போ அரங்கில் ரமோன்ஸ் வாசித்தது, 1979-ல் 'இட்ஸ் அலைவ்' என்று இரட்டை இசைத்தட்டாக வந்தது. 54 நிமிஷத்தில் 28 பாட்டு. ஒன்று முடிந்த மூச்சிலேயே பேஸ் வாசிக்கிற டீ டீ ரமோன் "ஒன் டூ த்ரீ ஃபோர்" என்று கத்துவார், அடுத்தது பிடித்துக்கொள்ளும். 2019 மறுவெளியீட்டில் அதற்கு முந்தைய மூன்று ராத்திரிகளையும் சேர்த்திருக்கிறார்கள். 28-ம் தேதி பர்மிங்காம், 29 ஸ்டோக், 30 எய்ல்ஸ்பரி. 2020 பொங்கலுக்கு வந்த தங்கை மகன் எனக்காக வாங்கி வந்தான்.

ஏறக்குறைய அதே பாட்டுகள், நாலு தடவை. எதற்கு என்று என் மனைவியும் கேட்டாள். எங்கள் ராஜகோபால சுவாமி கோயிலில் பங்குனித் திருவிழா 18 நாள். சாமி புறப்பட்டால் நாயனத்தில் மல்லாரிதான், கம்பீர நாட்டை ராகம்தான். நேற்றே கேட்டாயிற்று என்று யாராவது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களா? ஒரு நாள் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும். ஒரு நாள் தவில்காரர் காலையில் கல்யாணம் வாசித்துவிட்டு நேரே வந்திருப்பார். வெண்ணெய்த்தாழி அன்று கூட்டத்தைப் பார்த்ததும் அதே கை வேறு எங்கோ போய்விடும். அந்த நாலு பதிவிலும் எனக்குக் கேட்பது இதுதான். மண்டபத்துக்கு மண்டபம் எதிரொலி மாறுகிறது, ஜனம் கத்துகிற இடம் மாறுகிறது. ரமோன்ஸ் பாடகர் ஜோயி 2001-ல் போனார். 2014-ல் டிரம்ஸ் வாசித்த டாமியும் போனதோடு அந்த மேடையில் நின்ற நால்வரில் ஒருவரும் இல்லை. ஐந்தாவது ராத்திரி இனி எங்கிருந்து வரும்?

லண்டன் பங்க் குழுவான கிளாஷ் 1982 அக்டோபர் 13 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் வாசித்த பதிவு 2008-ல்தான் வெளிவந்தது. பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் வீடு மாறச் சாமான் கட்டும்போது அந்த டேப் கையில் கிடைத்திருக்கிறது. அது வெளிவந்தபோது அவர் இறந்து கிட்டத்தட்ட ஆறு வருஷமாகியிருந்தது.

அந்த டேப் கிடைத்த கதையை 2008-ல் படித்த அன்றைக்கே அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். திருவிழாவுக்கு செட் போடும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து அவர் நாயனக் கச்சேரியைப் பதிவு செய்துவைப்பார். 1979 முதல் 1994 வரை, 61 கேசட். அட்டையில் பென்சிலால் தேதியும் தவில்காரரின் ஊரும். எண்ணிப் பார்த்தேன், வரிசையாக அடுக்கினேன், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பப் பரணிலேயே வைத்துவிட்டேன். பத்து வருஷம். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயலில் கூரைத் தகடு பறந்தது. பெட்டிக்குள் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. பூசணம் பிடித்த நாடாவை ஒவ்வொன்றாகத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தேறியது 23.

அதில் ஒன்றில், தோடி ஆலாபனைக்கு நடுவே அப்பாவின் குரல் வருகிறது. காணாமல் போன ஒரு பையனின் சட்டை நிறத்தைச் சொல்லி, மைக் செட் பக்கம் வரச்சொல்கிறார். நாயனக்காரர் கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார். அந்த இடத்தை வெட்டிவிட்டால் பதிவு சுத்தமாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். வெட்டமாட்டேன்.

டெல்டாவில் பழைய மைக் செட்காரர்கள் பலர் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். நீடாமங்கலம், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி, மாயவரம் பக்கத்து நண்பர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிப் பாருங்கள். ஓடுகிற நிலையில் இரண்டு டெக் என்னிடம் இருக்கின்றன, காசு எதுவும் வேண்டாம். ஒன்று மட்டும்: எடுத்தவுடன் கேசட்டை டெக்கில் போடாதீர்கள். பூசணம் டெக்கில் நாடா உரசுகிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். கேசட் ஓட்டைக்குள் பென்சிலை நுழைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் விட்டுவிட்டு, அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மைக் செட் கடைக்காரர்,
மன்னார்குடி.