தொடக்கப்பள்ளிக்கு ஒரு மழைமானி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்ததும் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் செங்கோட்டை வட்டாரத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றின் சுவர்களில் பருவகாலங்களை விளக்கும் வண்ண அட்டை ஒன்று ஏறிவிடும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அந்த அட்டையில் குளிர்காலத்துக்கு மப்ளர் கட்டிய பனிப்பொம்மையும், இலையுதிர் காலத்துக்குச் செந்நிற இலைகளும் அச்சாகியிருக்கும். ஆசிரியர் சொல்லித்தரும் மழைக்காலமோ பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமாக இருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அது சரிதான். ஆனால் ஜூலை மாதச் சாரலில் நனைந்த பையை உதறி மாட்டிவிட்டு உட்காரும், மலையடிவாரப் புளியரைப் பிள்ளைக்கு, சன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருப்பதைப் பற்றி அந்த அட்டையில் எதுவுமே இல்லை. வானிலையை நேரில் பார்த்துக் கற்க இதைவிடத் தோதான ஊர்கள் அமைவது அரிது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான நாள் ஜூன் 1. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க முடியாததால் அது மேகமாகத் திரண்டு கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும் காற்று மறுபடி சூடேறுவதால் மேகம் கலைந்துவிடுகிறது. கணவாய் வழியாகத் தப்பி வரும் ஈரக்காற்றுதான் குற்றாலத்துக்குச் சீசனையும் தென்காசிக்குச் சாரலையும் தருகிறது. கிழக்கே ஆலங்குளம் தாண்டிப் போனால் அதே நாளில் புழுதி பறக்கும். இத்தனையையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை. பருவம் நன்றாகப் பிடித்திருக்கும் நாளில் கொல்லம் ரயிலில் பகவதிபுரத்திலிருந்து ஏறினால், மலையைக் குடைந்த ரயில் குகைக்கு இந்தப் பக்கம் வெயிலும் அந்தப் பக்கம் மழையுமாக இருப்பதைச் சில நிமிடங்களில் கண்ணாலேயே கண்டுவிடலாம். புனலூரில் அத்தை வீடோ மாமா வீடோ உள்ள பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் எப்போதும் உண்டு. அங்கே மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்கும் நாளில் இங்கே ஏன் விடவில்லை என்பது அவர்களுடைய நியாயமான, அறிவியல் சார்ந்த கேள்வி.

கண்டால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உள்ள கண்ணாடிக் குவளை ஒன்றும், மில்லிமீட்டர் குறித்த அளவுகோல் ஒன்றும் இருந்தாலே தொடங்கிவிடலாம். குவளையை மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்காமல் திறந்த வெளியில் வைக்க வேண்டும். அகலமான பாத்திரத்தையும் குறுகலான குவளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எதில் தண்ணீரின் உயரம் அதிகமாக இருக்கும் என்று கேட்டால் வகுப்பே அகலமான பாத்திரத்தைத்தான் காட்டும். இரண்டிலும் பக்கச் சுவர் நேராக இருந்தால் உயரம் ஒன்றாகவே இருக்கும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார்கள். காற்று வேகமாக வீசும் நாளில் குவளையில் மோதி மேலெழும் காற்று துளிகளை ஒதுக்கித் தள்ளுவதால் குவளை உண்மை மழையைவிடக் குறைவாகவே பிடிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் செய்தியில் வரும் எண்கள் வெறும் எண்களாக இரா. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தன் குவளையில் 10 மி.மீ. தண்ணீர் நிற்பதைப் பார்த்த குழந்தைக்கு, அது 950 மி.மீ. என்பதும், தன் இடுப்பளவையும் தாண்டும் உயரம் என்பதும் உடனே உறைக்கும்.

பெரியவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஓர் ஆண்டு சீசன் தள்ளிப்போனால் போதும், காலநிலையே மாறிவிட்டது என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். காலநிலை மாறிவருவது உண்மை. ஆனால் அதற்குச் சான்று ஓர் ஆண்டின் மழையன்று. ஓரிடத்தின் காலநிலையைக் கணக்கிட ஏறத்தாழ 30 ஆண்டுப் பதிவுகளின் சராசரியை எடுத்துக்கொள்வது உலக நடைமுறை. ஆகவே மழைக்குறிப்பு பிள்ளையின் நோட்டில் இருந்துவிட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போகக் கூடாது. வருகைப் பதிவேட்டைப் போல அது பள்ளியின் பதிவேடாக இருக்க வேண்டும்.

கேரளத்தில் புவியியல் பாடம் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வானிலை நிலையங்கள் அமைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனாலும் கேள்வி கேட்கும் ஆர்வம் குறையத் தொடங்கும் வயதில் அது போய்ச் சேருகிறது என்பது என் கருத்து. நம் கல்வித்துறை எல்லையோர வட்டாரங்களின் தொடக்கப்பள்ளிகளுக்குத் தலா ஒரு மழைமானியும் ஒரு பதிவேடும் வழங்கினால் செலவு பெரிதாக ஆகாது. ஆரியங்காவுப் பள்ளி ஒன்றும் புளியரைப் பள்ளி ஒன்றும் தினமும் ஓர் எண்ணை வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்ளத் தலைமையாசிரியர்கள் மனம் வைத்தாலே போதும்.

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையைக் கணக்கெடுக்கிறது. பள்ளிகளும் அதே நேரத்தைப் பின்பற்றினால் ஒப்பிட வசதியாக இருக்கும். சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் யாரேனும் அளக்கலாம். முடியாத வாரங்களில் திங்கட்கிழமை எண்ணுக்கு எதிரே அது எத்தனை நாள் மழை என்று எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஜூனுக்குள் கருவி கைக்கு வந்துசேர வேண்டுமானால் கல்வித்துறை இப்போதே ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
செங்கோட்டை.